நான் கண்டுபிடிக்காத வியாழன்

முதலில் மன்னிப்பு. மிளகாயும் மல்லியும் திரிக்கிற ஒருவன் வாராவாரம் இந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குக் கதை வராது. எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்ற ஒரே துணிச்சலில்தான் எழுதுகிறேன். அதிலும் இந்தக் கிழமை எழுதப்போவது நட்சத்திரங்களைப் பற்றி. விசயம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள், தயவுசெய்து, என்னை மறுபடியும் பாராட்டிவிடாதீர்கள்.

ஏன் இப்படிக் கும்பிட்டுக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஏணியில் ஒரு தலைவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இணுவிலில் என் மில்லுக்கு முன்னால் நிற்கிற மின்கம்பத்தில் ஏணி சாத்தி, கனகரத்தினம் அண்ணை ஏறிக்கொண்டிருந்தார். எழுபது கடந்த மனிதர். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிற சனசமூக நிலையத்துக்குப் பல வருடமாக அவர்தான் தலைவர். அவர் கையில் சுருட்டின பதாகை ஒன்று இருந்தது.

பதாகை விரிந்தது. அதில் என் முகம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்திருந்தார்கள். களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே, வளையம் போட்ட பெரிய கிரகம் ஒன்று. கீழே சிவப்பு எழுத்தில்: "புது வியாழனைக் கண்ட எம் இணுவில் மண்ணின் மைந்தன் சிவநேசன் அவர்களுக்குப் பாராட்டு விழா."

"அண்ணை, உது சனி," என்றேன்.

"எது?"

"உந்தப் படத்திலை இருக்கிறது. வளையம் இருக்கிறது சனி. வியாழன் இல்லை."

"வளையம் இருந்தாத்தான் தம்பி சனத்துக்குக் கிரகம் எண்டு விளங்கும். இல்லாட்டி பந்து எண்டு நினைச்சுப் போடுவினம். நீர் கீழை நிண்டு ஏணியைப் பிடியும்."

பிடித்தேன். என் பதாகையைக் கட்ட நானே ஏணி பிடித்தேன். அப்போது பாக்கியம் அக்கா காய்ந்த செத்தல் மிளகாய்ப் பையோடு வந்து அண்ணாந்து பார்த்தார். எங்கள் வாடிக்கைக்காரர். வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

"ஐயோ தம்பி, ஏற்கெனவே உனக்கு ஏழரை நடக்குதெண்டு உன்ரை மனிசி ரஞ்சி சொன்னவள். பிறகேன் சனியைத் தூக்கித் தலைக்கு மேலை வச்சிருக்கினம்?"

ஏணியை விட்டுவிட்டு உள்ளே போய் மோட்டரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மிளகாய்த் தூளும் வானமும்

இந்தச் சோலி எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

மில் வேலையில் பாதி நேரம் காத்திருப்பு. மருதனார்மடம் சந்தை முடிந்து சனம் வரும்வரை ஆள் வராது. கரண்ட் போனால் அதுவும் காத்திருப்பு. அப்படி ஒருநாள் பழைய பேப்பர் ஒன்றில், ஒரு இணையத்தளத்தைப் பற்றிச் சின்னச் செய்தி பார்த்தேன். விண்வெளியில் சுற்றுகிற ஒரு தொலைநோக்கி, ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சத்தை விடாமல் அளந்து அனுப்புகிறதாம். அந்த வரைபடங்களைப் பார்க்க ஆள் போதாதாம். கண் உள்ள எவரும் உதவலாம் என்று போட்டிருந்தது.

கண் இருந்தது. போனும் இருந்தது, திரையில் ஒரு கீறலோடு.

பார்த்தால், வானமே இல்லை. புள்ளிகள்தான். இடமிருந்து வலமாக, வறுத்த அரிசிமாவைத் தூவினது போலப் புள்ளிகள். நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கிரகம் குறுக்கே போனால், அதன் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அப்போது புள்ளிகள் கீழே இறங்கி, இரண்டு மூன்று மணித்தியாலத்தால் மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்தைத் தேடிக் குறி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எனக்கு அது புது விசயமாகத் தெரியவில்லை. மில்லில் சாமானைக் கொட்டினவுடன் மோட்டர்ச் சத்தம் ஒருபடி இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கேட்டே, உள்ளே போனது அரிசியா, மஞ்சளா, எவ்வளவு போனது என்று சொல்லிவிடுவேன். இது அதே வேலை. காதுக்குப் பதிலாகக் கண்.

ஊரில் யாருக்கும் இதை விளங்கவைக்க முடியவில்லை என்பது வேறு.

"நட்சத்திரம் பாக்கிறனீர் எண்டால் ராவிலைதானே பாக்க வேணும்? நீர் பகல் பதினொரு மணிக்கு மில்லுக்குள்ளை இருந்து என்ன பாக்கிறீர்?" இது கனகரத்தினம் அண்ணை.

"வெளிச்சக் கணக்கு அண்ணை. ஏற்கெனவே எடுத்து வச்சதை."

"அப்ப பழைய நட்சத்திரமோ?"

என்ன பதில் சொல்வது? ஒரு வகையில் ஓம். அந்த வெளிச்சம் புறப்பட்டது எப்பவோ. இதைச் சொன்னால் இன்னொரு மணித்தியாலம் போகும். "ஓம்," என்று மட்டும் சொன்னேன்.

சூடான வியாழன்கள்

நான் அதிகம் விரும்பிப் பார்த்தது ஒரு வகைக் கிரகத்தை. நம்முடைய வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றப் பன்னிரண்டு வருடம் எடுக்கும். ஆனால் சில நட்சத்திரங்களில், வியாழன் அளவு பெரிய கிரகம் நட்சத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு, மூன்று நாலு நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற சட்டி மாதிரி. ஒரு பக்கம் எப்போதும் நெருப்பைப் பார்த்தபடி, மற்றப் பக்கம் எப்போதும் இருட்டு. அங்கே இரும்புகூட ஆவியாகிவிடுமாம். சூட்டில் ஊதிப் பெருத்து, பொரியைப் போல, பார்க்கப் பெரிதாகவும் எடை குறைவாகவும் இருக்கிறவையும் உண்டாம்.

அந்த எடையை எப்படி அறிகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் இலேசாக ஆடுமாம். மில்லில் சுழலுகிற கல் ஒரு பக்கம் பாரம் கூடினால், முழு மேசையும் அதிருமே, அதுபோல. ஆட்டத்தை அளந்தால் பாரம் தெரியும். பள்ளத்தை அளந்தால் பருமன் தெரியும். வெளிச்சம் நூறில் ஒரு பங்கு குறைந்தால், கிரகத்தின் குறுக்களவு நட்சத்திரத்தின் குறுக்களவில் பத்தில் ஒன்று. வர்க்கமூலம் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு மறந்துபோகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு மார்கழி மாத மத்தியானம், அப்படி ஒரு வரைபடம் என் போனுக்கு வந்தது. ஆறு பள்ளம். நாலு நாளுக்கு ஒன்று, மணி அடித்தது போல. ஆழம் நூறில் ஒரு பங்கு.

மனைவி ரஞ்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா மாச்சல்லடை நிரம்பி வழியுது, பாருங்கோ."

ஈர்க்கு

இப்போது நான் எழுதப்போகிறதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அதாவது, மேடையில் சொன்னேன். ஆனால் அது சொன்னதாகக் கணக்கில்லை. ஏன் என்று பிறகு தெரியும்.

பள்ளங்களைக் குறித்துவிட்டு, ஆசை தீராமல் இன்னொருமுறை பார்த்தேன். நார்த் துடைப்பமான தும்புத்தடியால் கூட்டினால் மா ஒட்டும் என்று மில்லைக் கூட்ட ஈர்க்குக்கட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து, திரையில் வைத்து, முதல் பள்ளத்தின் ஆழத்துக்கு நகத்தால் அடையாளம் போட்டேன். இரண்டாவதில் வைத்தேன். ஒரு மயிரிழை குறைந்தது. மூன்றாவது சரி. நாலாவது குறைவு. ஐந்து சரி. ஆறு குறைவு.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தளத்திலேயே பயிற்சிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். கிரகம் என்றால் ஒவ்வொருமுறையும் ஒரே அளவுதான் மறைக்கும். ஒன்றுவிட்டு ஒன்று ஆழம் மாறினால், அது கிரகமாக இருக்காது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி, மாறிமாறி மறைப்பதாக இருக்கலாம்.

வரைபடத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது. வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டது. நான் ஒன்றும் எழுதவில்லை. இங்கிலீசில் எழுத வராது என்று எனக்கு நானே சொன்னேன். பொய். நாலு சொல் எழுத எனக்கு வரும். புள்ளிகள் சிதறித்தானே இருக்கின்றன, மயிரிழை என்ன பெரிய மயிரிழை என்றும் சொல்லிக்கொண்டேன். ஈர்க்கை இரண்டாக முறித்து எறிந்தேன்.

எனக்கு அது கிரகமாக வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஊருக்குத் தெரிந்த விதம்

சில மாதங்களுக்குப் பிறகு மின்னஞ்சல் வந்தது. அந்த நட்சத்திரத்தில் பெரிய கிரகம் இருக்கக்கூடும், மலையில் இருக்கிற இன்னொரு தொலைநோக்கியால் சரிபார்க்கப்போகிறோம், பள்ளத்தை முதலில் குறித்தவர்களில் நீங்களும் ஒருவர், நன்றி என்று, தளத்தை நடத்துகிற அம்மா எழுதியிருந்தார்.

"இருக்கக்கூடும்" என்றுதான் எழுதியிருந்தார். ரஞ்சிக்கும் அப்படித்தான் வாசித்துக் காட்டினேன். ரஞ்சி பாக்கியம் அக்காவுக்குச் சொன்னாள். பாக்கியம் அக்கா கந்தசுவாமி கோயில் வீதியில் சொன்னார். அங்கே "கூடும்" விழுந்துபோனது. இரண்டு நாளில் மில்லுக்கு முன்னால் கனகரத்தினம் அண்ணையின் சைக்கிள்.

"விழா எடுக்கிறம்," என்றார்.

"அண்ணை, இன்னும் உறுதியில்லை. உது சாதகம் பொருந்தின கணக்குத்தான். இன்னும் கலியாண எழுத்து நடக்கேல்லை."

"எழுத்துக்கு முதலே மண்டபம் பிடிக்கிறதுதானே தம்பி எங்கடை வழக்கம்."

"பொறுத்துச் செய்வமே அண்ணை."

"பொறுத்தால் பக்கத்து ஊர்க்காரன் முந்திப் போடுவான்."

"என்னத்திலை முந்துவான்? அவனும் கிரகம் கண்டவனோ?"

"நீர் சும்மா இரும். உமக்கு உலகம் தெரியாது."

அன்றிலிருந்து மில்லில் நிம்மதி போனது. ஒருவர் வந்து, அந்தப் புது வியாழன் எந்த ராசியில் நிற்கிறது, தன் மகளுக்குக் கலியாணம் கூடுமா என்று கேட்டார். நாலு நாளில் ஒரு சுற்று என்றால் மாதத்தில் தொண்ணூறு குருப்பெயர்ச்சியா, அத்தனைக்கும் கோயிலில் அருச்சனை செய்ய வேண்டுமா என்று இன்னொருவர் கவலைப்பட்டார். ஒருவர்கூட, "அது அங்கே இருப்பது உறுதிதானா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஈர்க்குக் கதையை அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஞாயிறு காலைக் கடிதம்

பதாகை கட்டின அந்த ஞாயிறுக்குத் திரும்பி வருகிறேன்.

பாக்கியம் அக்காவின் மிளகாய் திரிபட்டுக்கொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. தூளைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அந்த அம்மாவிடமிருந்து மின்னஞ்சல். அகராதியை வைத்து இரண்டுமுறை வாசித்தேன்.

பெரிய தொலைநோக்கியால் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்களைப் பார்த்தார்களாம். நாங்கள் நினைத்த நட்சத்திரம் மங்கவே இல்லை. அதன் பக்கத்தில், எங்கள் பார்வைக்கு ஒட்டினாற்போல, ஆனால் வெகு தூரத்துக்கு அப்பால், மங்கல் புள்ளி ஒன்று. அது ஒன்றல்ல, இரண்டு நட்சத்திரங்கள். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றுகின்றன. இரண்டு பள்ளத்துக்கும் ஆழம் வேறுவேறு. கிரகம் இல்லை. இப்படிக் கழித்துவிடுவதும் உதவிதான், மனம் தளரவேண்டாம் என்று முடித்திருந்தார்.

நேரம் காலை பத்து. விழா பின்னேரம் நாலு மணிக்கு.

வீட்டுக்கு ஓடினேன். ரஞ்சி அடுப்படியில் விழாவுக்கு உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உது கிரகமில்லையோ?"

"இல்லை."

"நூற்றைம்பது வடை சுட்டுப்போட்டன், இஞ்சரப்பா!"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இண்டைக்குப் போய் இருந்திட்டு வாங்கோ. நாளைக்குச் சொல்லலாம்."

நாளைக்கு எப்படிச் சொல்வது? வாழ்த்துமடல் கண்ணாடிச் சட்டத்தில் போட்டாயிற்று. ஒன்று என் வீட்டுக்கு, ஒன்று சனசமூக நிலையச் சுவருக்கு. இன்று வாயைத் திறக்காவிட்டால், என் காலத்துக்கும் இல்லாத ஒரு கிரகத்துக்கு நான்தான் சொந்தக்காரன். அதுவும் தெரியாமல் அல்ல. ஈர்க்கு வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கனகரத்தினம் அண்ணையிடம் போனேன். மண்டப வாசலில் வாழைக்குலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அது கிரகம் இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அந்த ஆய்வுக்காரர்தான்."

"கண்டுபிடிச்சது ஆர்?"

"நான்... நான்தான் குறிச்சனான்."

"பிறகென்ன? கண்டவர் நீர். காணாதவை ஆர் இல்லையெண்டு சொல்ல? கயித்தை இழுத்துப் பிடியும்."

பிடித்தேன். அன்றைக்கு நான் பிடிக்காத கயிறு இல்லை.

ஏற்புரை

மங்கள விளக்கு, தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை. பிறகு வாழ்த்துரைகள். எல்லோரும் எனக்கு முதலே வானத்தைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டார்கள். ஒருவர் நம் முன்னோருக்கு இந்தக் கிரகம் ஏற்கெனவே தெரியும் என்றார். அப்படியென்றால் எனக்கு எதற்குப் பொன்னாடை என்று ஒருவரும் கேட்கவில்லை. கனகரத்தினம் அண்ணை தானே எழுதின வாழ்த்துப்பாவைப் பாடினார். அதில் நான் நாலுமுறை "வானளந்த வள்ளல்" ஆனேன்.

எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டி ஒன்றில் "தலைவர் அவர்களே" என்று தொடங்கி, அதற்கு மேல் ஒரு சொல்லும் வராமல், கும்பிட்டுவிட்டு இறங்கினவன் நான். அதற்குப் பிறகு மைக்குக்குப் பக்கத்தில் போனதே இல்லை. ஏற்புரைக்குக் கூப்பிட்டபோது எழுதி வந்த தாள் வியர்வையில் நனைந்து ஒட்டிவிட்டது. அதை மடித்துப் பையில் வைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்குக் காலமை எனக்குக் கடிதம் வந்தது. அது கிரகம் இல்லை. ரெண்டு நட்சத்திரம் ஒண்டையொண்டு மறைக்கிறது. நாங்கள் பிழையா நினைச்சிட்டம்."

மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தேன்.

"இன்னொண்டு. அவை கண்டுபிடிக்க முதலே எனக்குச் சந்தேகம் வந்தது. ஈர்க்கு வச்சு அளந்து பாத்தனான். பள்ளமெல்லாம் ஒரே ஆழமில்லை. தெரிஞ்சும் நான் எழுதேல்லை. அது என்ரை பிழை. ஆனபடியால் இந்தப் பொன்னாடை எனக்கு வேண்டாம்."

கழற்றினேன். மேசையில் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் பேசின ஒரே பேச்சு அதுதான். ஒரு பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது.

அந்த நிம்மதி முழுதாக அரை நிமிடம் இருந்திருக்கும்.

கனகரத்தினம் அண்ணை எழுந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியளோ? பாத்தியளோ சனங்களே? இதுதான் தன்னடக்கம்! இந்தக் காலத்திலை ஆர் தன்ரை வாயாலை தன்னைக் குறைச்சுச் சொல்லுவினம்? ஒரு கிரகத்தைத் தேடிப் போன பிள்ளை ரெண்டு நட்சத்திரத்தோடை வந்திருக்கு. ஒண்டு பெரிசோ, ரெண்டு பெரிசோ? அதுவும் தொலைநோக்கி இல்லாமல், வெறும் ஈர்க்காலை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேசையில் நான் கழற்றி வைத்த பொன்னாடையை எடுத்து மறுபடி போர்த்தினார். தன்னடக்கத்துக்காக என்று சொல்லி, நன்றியுரை சொல்பவருக்கு வைத்திருந்த இன்னொன்றையும் அதற்கு மேலே போர்த்தினார். வைகாசி வெக்கைக்கு இரண்டு பொன்னாடையோடு நின்றேன். முன்வரிசையிலிருந்து பாக்கியம் அக்கா சத்தமாகக் கேட்டார்:

"தம்பி, அந்த ரெண்டு நட்சத்திரத்துக்கும் பொருத்தம் எப்பிடி?"

வடை நூற்றைம்பதும் முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். கண்ணாடிச் சட்டம் ரஞ்சியின் கையில். ஒழுங்கை திரும்புகிற இடத்தில் அவள் சொன்னாள்:

"ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

"ஓம்."

"எனக்கு விளங்கினது. அந்த ஈர்க்கை நீங்கள் முறிச்செறிஞ்சதைக் கண்டனான். அண்டைக்கு நீங்கள் மத்தியானம் சாப்பிடேல்லை. ஏனெண்டு அப்ப தெரியேல்லை."

சட்டத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டேன். மாட்டவேண்டாம் என்றாள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. கனகரத்தினம் அண்ணை விழாவுக்கு முதலே எழுதிக் கொடுத்திருந்த செய்தி, சனியின் படத்தோடு பேப்பரில் வந்திருந்தது. கிரகம் என்றே போட்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குள் இருபத்தொரு பேர் மில்லுக்கு வந்தார்கள். அதில் மூன்று பேர்தான் திரிக்கச் சாமான் கொண்டுவந்தார்கள்.